வேலூரில் வேலைக்கு நடந்தும் சைக்கிளிலும் போக நினைப்பவர்களுக்கு

வடக்கே காட்பாடி, தெற்கே பாகாயம், கிழக்கே சத்துவாச்சாரி, மேற்கே கொணவட்டம். நம்மில் பெரும்பாலோருடைய வீடு, வேலை, கடைத்தெரு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இந்த நான்கு முனைக்குள் அடங்கிவிடும். சி.எம்.சி. மருத்துவமனை வாசலிலிருந்து காட்பாடி ஜங்ஷன் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். பாகாயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அவசரப்படாமல் மிதித்தாலே சைக்கிள் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடும். அப்படியென்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து நடுவூருக்கு அரை மணி நேரம்.

தூரம் நமக்குத் தடையில்லை. தடையாக இருப்பவை வெயில், ரோடு, அப்புறம் "என்னங்க, வண்டி என்னாச்சு?" என்று கேட்கும் அக்கம்பக்கம். மூன்றையும் சமாளிக்க வழி இருக்கிறது. சரியான தெருவையும் சரியான நேரத்தையும் தேர்ந்தெடுத்தாலே வேலை பாதி முடிந்தது என்பது என் அனுபவம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதிலேயே ஒரு மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. போக 15 நிமிடம், வர 15 நிமிடம், வாரத்தில் 5 நாள் என்று போட்டுப் பாருங்கள். 150 வந்துவிடும். விடியற்காலையில் தனியாக எழுந்து வாக்கிங் போக நேரம் தேட வேண்டியதில்லை.

2 கிலோமீட்டருக்குள் என்றால் நடை

கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடைத்தெருவும் பழைய பஸ் நிலையமும் கோட்டையும் நடக்கிற தூரம்தான். 2 கிலோமீட்டரை வேகமாக நடந்தால் 25 நிமிடம். சி.எம்.சி.யைச் சுற்றி வேலை பார்ப்பவர்களுக்கு நடைதான் மிகச் சிறந்தது. ஆற்காடு சாலையில் ஆட்டோவும் ஆம்புலன்சும் வெளியூர் நோயாளிகளும் நிறைந்திருக்கும் பகல் நேரத்தில் எந்த வண்டியும் உங்களுக்கு முன்னால் போய்ச் சேராது. பாபு ராவ் தெரு மாதிரியான பின்தெருக்களில் புகுந்து போனால் இரைச்சலும் குறையும்.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும். பின்னால் வருவது எது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டாம். இருட்டிய பிறகு வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.

செருப்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் உள்ளதோ ஷூவோ வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள். அந்நேரம் பாதம் சற்று உப்பியிருக்கும், அதற்குப் பொருந்துவது நாள் முழுக்கப் பொருந்தும். சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்கும்முன் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். மரத்துப்போன காலில் கொப்புளம் வந்தால் தெரியாது. இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாயாவது வைத்திருங்கள், முதல் வாரத்திலேயே டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தூரம் அதிகமென்றால் பஸ்ஸோடு நடையைச் சேர்க்கலாம். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடும் 1, 2 ஆகிய எண்களுள்ள டவுன் பஸ்கள் ஊரின் முதுகெலும்பு மாதிரி. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் வீட்டருகே இருக்கும் நிறுத்தத்தை விட்டு ஒரு நிறுத்தம் முன்னால் போய் ஏறுவதும், ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவதும் அவர்களுக்குச் செலவில்லாத ஏற்பாடு. காட்பாடியில் ரயில் பிடித்து அரக்கோணமோ சென்னையோ போகிறவர்கள் ஜங்ஷன் வரை சைக்கிளில் வந்து ஸ்டாண்டில் போடலாம்.

சைக்கிள் வீட்டிலேயே இருக்கலாம்

பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறதா? புதிது வாங்கும்முன் அதை வெளியே எடுங்கள். தெருவிலுள்ள சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் "ஓவராயிலிங்" என்று சொன்னால் போதும். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பழைய கிரீசைத் துடைத்து, அச்சுக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகள் (பால்ஸ்) தேய்ந்திருந்தால் மாற்றி, புது கிரீஸ் வைத்துப் பூட்டித் தருவார்கள். டயரை விரலால் மடக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் டயரும் டியூபும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. பிரேக் கட்டை கட்டாயம் புதிது.

ரிம் கோட்டம் எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, கடைக்காரர் ஒரு விரலை ரிம்முக்கு மிக அருகில் பிடித்திருப்பார். கோட்டமான இடம் மட்டும் விரலைத் தொட்டுவிட்டுப் போகும். அந்த இடத்துக் கம்பிகளைச் சாவியால் ஒரு பக்கம் இறுக்கி, மறுபக்கம் தளர்த்தி, மறுபடி சுழலவிடுவார். கடைசியில் விரலுக்கும் ரிம்முக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டால், பிறகு என்றைக்காவது சக்கரம் ஆடும்போது எங்கே கோளாறு என்று உங்களுக்கே தெரியும்.

புதிது வாங்குவதாக இருந்தால் கியர் தேவையில்லை. ஊரைச் சுற்றித்தான் மலை, ஊருக்குள் ரோடு சமதளம். மேடு என்று சொன்னால் பாலங்கள்தான். தடித்த டயர் போட்ட வண்டி பார்க்க எடுப்பாக இருக்கும். தினமும் மிதிக்கக் கனம். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், பெல் ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். இப்போது வரும் பல மாடல்களில் இவை இருப்பதில்லை. சேலையோ சுடிதாரோ கட்டுகிறவர்களுக்கு முழுச் செயின் கவரும் குறுக்குக் கம்பி இல்லாத ஃபிரேமும் அவசியம். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிவிட வேண்டும், தோளில் தொங்கவிடக் கூடாது.

சீட் உயரம் சின்ன விஷயமாகத் தெரியும். முழங்கால் வலி என்று சொல்லி சைக்கிளை விட்டவர்களில் நிறையப் பேருக்கு சீட்தான் காரணம். பள்ளிக்கூட நாள் பழக்கத்தில் தாழ்வாக வைத்து ஓட்டுகிறோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். பல வருஷம் கழித்து ஓட்டுபவர்கள் முதல் வாரம் மட்டும் கால் தரையில் ஊன்றும்படி தாழ்வாக வைத்துக்கொண்டு பிறகு ஏற்றலாம்.

ஓட்டவே தெரியாதா? 40 வயதிலும் கற்றுக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் உள்பட, சைக்கிள் கற்றுக்கொண்டு சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். நமக்குக் கோட்டை மைதானம் இருக்கிறது. விடியற்காலையில் கூட்டம் வருமுன் போங்கள். பெடல் இரண்டையும் கழற்றி, சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி உருளுங்கள். பின்னால் யாரும் பிடிக்க வேண்டாம். கால் தூக்கியபடி பத்தடி உருள வந்துவிட்டால் சமநிலை வந்துவிட்டது என்று அர்த்தம், பெடலை மாட்டிவிடலாம். ஒரு விஷயம் ஞாபகம் வையுங்கள்: இடது பெடலின் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

திங்கட்கிழமை காலை நேராக ஆபீசுக்குக் கிளம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு அதே வழியில் ஒரு தடவை போய்வாருங்கள். எங்கே பள்ளம், எங்கே வேகத்தடை, எங்கே பஞ்சர் கடை, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். பைக்கில் பழகிய வழியே சைக்கிளுக்கும் சரி என்று நினைக்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் கூடினாலும் வண்டி குறைவான தெருவாகப் பிடியுங்கள்.

சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் இருப்பவர்களுக்கு நடுவூர் வர காகிதப்பட்டறை வழியாக வரும் ஆற்காடு சாலை இருக்கிறது. நெரிசல் உண்டு, ஆனால் நெரிசலில் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகும், மெதுவாகப் போகும் வண்டியால் ஆபத்து குறைவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மேல் ஏறவே கூடாது. லாரியும் வெளியூர் பஸ்ஸும் ஓடுகிற வேகத்துக்கு முன்னால் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. சர்வீஸ் ரோட்டில் போனாலும் எதிர்த்திசையில் வரும் பைக்குகளை எதிர்பார்த்தே போக வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்க நடுத்தடுப்பில் யாரோ உண்டாக்கிய சந்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டாதீர்கள். சுரங்கப்பாதைக்கோ சிக்னலுக்கோ போய்க் கடங்கள்.

புது பஸ் நிலையம் அருகே இருக்கும் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் முதல் சில வாரம் இறங்கித் தள்ளிக்கொண்டே போகலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஓட்டியபடி வலது பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் நடு ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டாம். இடது ஓரமாகவே நேராகக் கடந்து எதிர்முனையில் நில்லுங்கள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பக்கத்துக்குப் பச்சை விழுந்ததும் நேராகப் போங்கள். ஒரு சிக்னல் நேரம் கூடும், அவ்வளவுதான்.

இனி பாலாற்றுப் பாலம். காட்பாடிக்கும் வேலூருக்கும் போய்வருகிற எல்லோருக்கும் கஷ்டமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாலத்தில் ஒதுங்க இடமில்லை. அதனாலேயே பலரும் பயந்து கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓட்டுவார்கள். அங்கேதான் மணல் சேர்ந்து கிடக்கும். பிரேக் போட்டால் முன்சக்கரம் வழுக்கும். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். ஒதுங்குவதும் வெளியே வருவதுமாக வளைந்தால் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு உங்களைக் கணிக்க முடியாது. ஆற்றின் மேல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஹேண்டில் பாரில் பை தொங்கினால் வண்டி இழுக்கும். பையைக் கேரியரில் கட்டுங்கள்.

பாலத்துக்குள் எப்போது நுழைவது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சிக்னலில் விட்ட வண்டிகள் கும்பலாக வரும். பாலத்துக்கு முன்பே ஓரமாக நின்று அந்தக் கும்பலைப் போகவிடுங்கள். பின்னால் வரும் இடைவெளியில் கிளம்பினால் பாதிப் பாலம் வரை பின்னால் ஹாரன் சத்தமே இருக்காது. காலை 8.30 முதல் 9.30 வரை தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 10 மணி ஆபீசானாலும் 8 மணிக்கே பாலம் தாண்டி, மறுகரையில் டிபன் சாப்பிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்.

விருதம்பட்டு, சில்க் மில், ஓடைப் பிள்ளையார் கோயில் என்று நிறுத்தங்கள் வரிசையாக வரும். ஷேர் ஆட்டோக்கள் சொல்லாமல் இடது பக்கம் ஒடித்து நிற்கும். நிற்கிற ஆட்டோவையோ பஸ்ஸையோ இடது பக்கமாகத் தாண்டவே கூடாது, ஆள் இறங்குவது அந்தப் பக்கம்தான். நின்று, காத்திருந்து, அது கிளம்பியதும் போங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது வேகம் குறைந்து வண்டி ஆடும். வி.ஐ.டி. பக்கம் போகிறவர்கள், மூச்சு வாங்கினால் தயங்காமல் இறங்கித் தள்ளுங்கள்.

வெயில், வியர்வை, ஆபீஸ்

வேலூர் வெயில் பற்றி யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் புதிதாகத் தொடங்க ஏப்ரல், மே மாதங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி அருமையான காலம். கத்திரி வெயிலில் காலை 8 மணிக்குள் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் 5.30க்கு மேல் கிளம்ப முடிந்தால் சைக்கிள். முடியாத நாளில் பஸ்.

கிளம்பும்முன் இரண்டு டம்ளர் தண்ணீர், போய்ச் சேர்ந்ததும் மோரோ கேழ்வரகுக் கூழோ. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று மிதிக்க வேண்டாம். நிழலில் உட்கார்ந்து, பிடரியை நனைத்து, தண்ணீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, சுற்றி நடப்பது புரியாமல் போனாலோ அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை.

வியர்வைக்குத் தீர்வு எளிது. பருத்தி பனியனும் பழைய சட்டையும் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஆபீஸ் சட்டை மடித்துப் பையில். போனதும் பத்து நிமிடம் ஃபேனடியில் உட்கார்ந்து, ஈரத் துண்டால் துடைத்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். போனவுடனே சட்டை மாற்றினால் அதுவும் நனைந்துவிடும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதித்தால் உடம்புச் சூடு அங்கேயே பாதி தணிந்துவிடும்.

அக்கம்பக்கம் கேட்கிற கேள்விக்கு வருவோம். சைக்கிள் என்றால் வசதி இல்லாதவர் ஓட்டுவது என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகிறவர்களும் பால்காரர்களும் கீரை விற்கிறவர்களும் காலங்காலமாக இந்த ரோடுகளில் மிதித்தே குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறார்கள். அவர்களோடு ஒரே ரோட்டில் போவதில் எனக்குப் பெருமைதான். "பெட்ரோல் மிச்சம், சுகர் கட்டுக்குள்" என்று சிரித்தபடி சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் கேட்பது நின்றுவிடும். ஆபீசில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நிழலில் சைக்கிள் நிறுத்த இடம் கேளுங்கள். ஒருவர் கேட்பதைவிட மூவர் கேட்டால் காரியம் நடக்கும்.

மழை, முள், நாய், இருட்டு

வேலூரில் ஜூலையிலிருந்தே சாயங்கால இடிமழை வந்துவிடும், அக்டோபரில் பருவமழை சேர்ந்துகொள்ளும். ரோட்டில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் தோண்டிய குழி இருக்கலாம். அடி தெரியாத தண்ணீரில் இறக்காதீர்கள். நனைந்த ரிம்மில் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே மெல்லப் பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்கு பிடித்து மண்ணை ஒட்டவைக்கும்.

பாலாற்றங்கரைப் பக்கமும் காலி மனை ஓரமும் போகிறவர்களுக்கு வேலிகாத்தான் முள் தொல்லை உண்டு. முள் குத்தினால் ரோட்டிலேயே பிடுங்க வேண்டாம். அது அடைத்திருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், கடை வரை போய்விடலாம். டயரில் காற்று எவ்வளவு என்று அதன் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருக்கும். வாரம் ஒரு முறை அடியுங்கள். தளர்ந்த டயர் சீக்கிரம் பஞ்சராகும், மிதிக்கவும் பாரம்.

ராத்திரி திரும்புகிறவர்கள் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மட்கார்டிலும் பெடலிலும் ரேடியம் ஸ்டிக்கர் இல்லாமல் கிளம்பக் கூடாது. ஹெல்மெட்டும் போடுங்கள். தெரு நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட இறங்கி நிற்பதுதான் நல்லது. சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு மெல்ல நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள் போதும். வழி பழகிய பிறகு நாளைக் கூட்டலாம். அப்புறம் சின்னச் சின்ன வேலைகளுக்கும் சைக்கிளை எடுங்கள். டோல்கேட் உழவர் சந்தைக்குக் காலையில் போனால் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முள்ளு கத்திரிக்காயோடு வாரத்துக் காய் மொத்தமும் வாங்கி வந்துவிடலாம். கனமானதைக் கேரியரில் தாழ்வாக வைத்து ரப்பர் கயிற்றால் இறுக்குங்கள். கீரையும் தக்காளியும் முன்கூடையில். பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல் ஃபிரேமையும் ஒரு கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போடுங்கள்.